பழைய பேனாவுக்கு ஒரு புதுக் கழுத்து

போன செமஸ்டர் லீவு முடிந்து என் ரூம்மேட் ஊரிலிருந்து வரும்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கொண்டு வந்தான். உள்ளே பஞ்சில் சுற்றி ஒரு கறுப்புப் பேனா. அவனுடைய தாத்தா கோபிச்செட்டிபாளையம் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேனா அவருக்கு அவருடைய அப்பா கொடுத்தது. "உன் பிரண்டு மெக்கானிக்கல்தானே, அவன்கிட்டக் குடுத்துப் பாரு" என்று அனுப்பியிருக்கிறார். மெக்கானிக்கல் என்றாலே ஃபேன், மிக்ஸி, தாத்தாவின் பேனா எல்லாம் நம்ம தலையில்தான் விழும். உங்களுக்கே தெரியும்.

அந்தப் பேனாவுக்கு ஒரு பாகம் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். செய்முறை முக்கால்வாசி, கதை கால்வாசி. நடுவில் நான் பண்ணிய ஒரு தப்பும் வரும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அதே தப்பை இன்னொருத்தர் பண்ண வேண்டாம்.

பேனா, வாட்டர்மேன் 52. உடலின் அடிமுனையில் 52 என்று பொறித்திருந்தது. முதல் இலக்கமான 5 என்றால் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரைத் தூக்கி மை நிரப்பும் வகை, 2 என்றால் நிப்பின் அளவு. லீவரைத் தூக்கினால் உள்ளே ஒரு பட்டை ரப்பர் பையை அமுக்கும். விட்டால் பை விரிந்து மையை உறிஞ்சும். நிப்பும், அதன் அடியில் இருக்கும் நாக்கும் (நாக்கட்டை என்று நம்ம தாத்தாக்கள் சொல்வார்கள்) செருகியிருக்கும் குழாய்தான் கழுத்து. எழுதும்போது நம் விரல் பிடிக்கும் இடம். கழுத்தின் பின்பக்கம் இரண்டு படி. பெரிய படி பேனா உடலுக்குள் இறுக்கமாகச் செருகி நிற்கும். சின்ன படியில் ரப்பர் பை மாட்டும்.

ரப்பர் பை கெட்டுப் போயிருந்தது சாதாரண விஷயம். எந்தப் பழைய பேனாவிலும் பை காய்ந்து கட்டியாகவோ, உருகித் தார் மாதிரியோதான் இருக்கும். அதை நாம் செய்ய வேண்டியதில்லை, விலைக்குக் கிடைக்கிறது. பையின் நம்பர், அதன் வெளிவிட்டத்தை அங்குலத்தில் 64-இல் ஒரு பங்காகச் சொல்வது. 16-ஆம் நம்பர் என்றால் 16/64 அங்குலம், அதாவது 6.35 மி.மீ.

பிரச்சினை வேறு இடத்தில். யாரோ ஒரு புண்ணியவான் முன்பு ஒரு தடவை கழுத்தைச் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டியிருக்கிறார். பையை மாற்ற வேண்டுமென்றால் கழுத்தைக் கழற்றித்தான் ஆகணும். ஹேர் டிரையரில் இதமாகச் சூடு காட்டி, ரப்பர் துண்டால் பிடித்துத் திருகிப் பார்த்தேன். மூன்றாம் நாள் "டக்" என்று ஒரு சத்தம். கழுத்து இரண்டாக உடைந்து, பெரிய படி உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. ஆகவே, புதுக் கழுத்து.

முதலில் பொருள் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். ஏன் என்றால் சில பழைய பேனாக்கள் ஆபத்தானவை. விரலால் பலமாகத் தேய்த்துவிட்டு மோந்து பாருங்கள். கற்பூர வாடை வந்தால் அது செல்லுலாய்டு. நைட்ரோ செல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த கலவை, சட்டென்று தீப்பிடிக்கும். அதை லேத்தில் கடையும்போது விழும் சீவல் இன்னும் மோசம். பக்கத்தில் வெல்டிங் நடக்கும் ஒர்க்ஷாப்பில் அதைத் தொடவே கூடாது. கந்தக வாடை வந்தால் எபோனைட், அதாவது இயற்கை ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்து நீண்ட நேரம் வேகவைத்த கெட்டி ரப்பர். 1851-இல் நெல்சன் குட்இயர் இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். டயருக்கான ரப்பரில் கந்தகம் கொஞ்சம்தான். இதில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் போகும். தாத்தாவின் பேனா எபோனைட்.

"த்ரீ-டி பிரிண்டர் இருக்கே, ஒரு மணி நேர வேலைதானே" என்று கிளாஸில் பாதிப் பேர் கேட்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நம்ம லேபில் இருக்கும் பிரிண்டர் அடுக்கடுக்காகப் போட்டுப் போகும். அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும் நுண்ணிய இடைவெளியில் மை ஏறிக் கசியும். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரிக்கே இளகிவிடும், வெயிலில் நிறுத்திய பைக்கின் டேங்க் கவரில் வைத்தால் போச்சு. நைலான் தண்ணீரை உறிஞ்சி உப்பும். பித்தளையை மை அரிக்கும். டெல்ரின் கடைவதற்கு அருமையான பொருள்தான், ஆனால் அதன்மேல் அரக்கு ஒட்டாது, அப்புறம் பை நிற்காது. கடைசியில் எபோனைட்டுக்கு எபோனைட்டே சரி என்று ஆனது. விரிவதும் சுருங்குவதும் இரண்டுக்கும் ஒரே மாதிரி. மையும் அதன் மேல் நன்றாகப் பரவும்.

கம்பி எங்கே கிடைக்கும் என்று பயப்பட வேண்டாம். எபோனைட் பேனாவைக் கையால் கடையும் வேலை நம் பக்கத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ராஜமுந்திரியின் ரத்னம், திருவள்ளூரின் ரங்கா என்று பேனாப் பிரியர்களுக்குத் தெரிந்த பெயர்கள் உண்டு. 14 மி.மீ. தடிமனில் ஒரு முழம் கம்பி வாங்கினேன்.

இனி அளவு. இங்கேதான் நான் சறுக்கினேன்.

உடலுக்குள் மாட்டியிருந்த பழைய துண்டை முதலில் எடுத்தேன். பேனா உடலை நேராகச் சக்கில் பிடித்தால் நசுங்கும். அதனால் அதன் வடிவத்துக்கே இரண்டு பாதியாக ஒரு பிடியைப் பிரிண்ட் செய்து, (பிரிண்டர் உபயோகப்பட்ட இடம் இதுதான்) அதை நடுவில் வைத்துப் பிடித்தேன். துண்டை உள்ளிருந்து மெதுவாகக் குடைந்து, தோல் மாதிரி மெலிசானதும் பித்தளைக் குச்சியால் உரித்தெடுத்தேன். பிறகு உடலின் வாயை வெர்னியரின் உள்தாடையால் அளந்தேன். 9.14 மி.மீ. சின்ன துளையில் வெர்னியர் குறைத்துக் காட்டும். தாடையின் முனை தட்டையாக இருப்பதால் அது விட்டத்தைத் தொடாமல் நாணைத் தொடும். இது எனக்குத் தெரியும், லேப் வைவாவில் கேட்டிருக்கிறார்கள். எனவே புத்திசாலித்தனமாக 0.04 கூட்டி 9.18 என்று வைத்துக்கொண்டேன். இறுக்கமாக நிற்க இன்னொரு 0.04. படியை 9.22-க்குக் கடைந்தேன்.

அழுத்தினேன். முக்கால்வாசி போனது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். சத்தமே இல்லை. விளக்கில் திருப்பிப் பார்த்தால் உடலின் வாயிலிருந்து 4 மி.மீ. நீளத்துக்கு மயிரிழை போல ஒரு விரிசல்.

என்ன நடந்தது என்று பிறகுதான் பார்த்தேன். அந்த வாய் வட்டமாகவே இல்லை. இத்தனை வருஷத்தில் கோணி, ஒரு பக்கம் 9.18, அதற்குக் குறுக்கே 9.02. நான் அளந்தது நீளமான பக்கத்தை மட்டும். வெர்னியரைத் தொண்ணூறு டிகிரி திருப்பி இன்னொரு தடவை வைத்திருந்தால் முடிந்தது. வைக்கவில்லை.

கணக்காகவும் போட்டுப் பார்ப்போம். சராசரி விட்டம் 9.10. நான் திணித்தது 9.22. கூடுதல் 0.12. வளையத் திரிபு 0.12-ஐ 9.10-ஆல் வகுத்தால் சுமார் 0.013. எபோனைட்டின் யங் குணகத்தைத் தோராயமாக 2.5 கிகாபாஸ்கல் என்று எடுத்தால் தகைவு 33 மெகாபாஸ்கல் வருகிறது. கழுத்தும் எபோனைட்தான், அதுவும் கொஞ்சம் உள்ளே அமுங்கும் என்பதால் உண்மைத் தகைவு இதைவிடக் குறைவு. கோணலான வாயை வட்டமாக வளைத்ததால் வந்த வளைவுத் தகைவு தனி, அது இதன் மேல் கூடும். புது எபோனைட் இதைத் தாங்கியிருக்கலாம். காற்றிலும் வெளிச்சத்திலும் நூறு வருஷம் இருந்து மேல்பரப்பு மொறமொறத்துப் போன எபோனைட் தாங்காது. அப்படியே தாங்கியிருந்தாலும், அந்த இறுக்கம் இராத்திரி பகலாக அங்கேயே இருக்கும். இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த மார்கழியில் விட்டிருக்கும்.

இரண்டு நாள் அந்தக் கூட்டை மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டேன். ரூம்மேட்டிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஒர்க்ஷாப் அண்ணாவிடம் கொண்டு போய்க் காட்டினேன். அவர் திட்டவில்லை. "துளைய எதால அளந்தே?" என்று மட்டும் கேட்டார். வெர்னியர் என்றேன். ஓர் அலுமினியத் துண்டை எடுத்து லேத்தில் மாட்டினார்.

அவர் கற்றுக் கொடுத்ததை எல்லோரும் குறித்துக்கொள்ளலாம். 50-க்கு 1 என்ற சரிவில் ஒரு கூம்பு முளை கடைய வேண்டும். அதாவது 50 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. விட்டம் கூடும். அதைத் துளைக்குள் தானாக நிற்கும் வரை விட்டு, வாய் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, வெளியே எடுத்து அந்த இடத்தை மைக்ரோமீட்டரில் அளப்பது. கோடு 1 மி.மீ. தள்ளிப் போனாலும் விட்டத்தில் பிழை 0.02-தான். துளையை உள்ளே அளப்பது கஷ்டம், முளையை வெளியே அளப்பது சுலபம். இதில் இன்னொரு லாபம்: வாய் கோணலாக இருந்தால் முளை குறுகிய பக்கத்தில்தான் முட்டி நிற்கும். நமக்கு வேண்டிய அளவும் அதுதானே! முளை முழுக்கப் பென்சில் பூசித் திருப்பினால் இரண்டு பக்கம் மட்டும் அழியும், கோணல் கண்ணுக்கே தெரிந்துவிடும். வெறும் அலுமினியம், பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் எந்தப் பழைய பேனாவிலும் எதையும் செருகாதீர்கள்.

விரிசலை என்ன செய்வது? செல்லுலாய்டாக இருந்தால் அசிட்டோன் தொட்டு அந்தப் பொருளையே கரைத்து இணைத்துவிடலாம். எபோனைட் அப்படிக் கரையாது. வாயைச் சுற்றி ஒரு மெல்லிய உலோக வளையம் போடலாம் என்றால் மூடியின் திருகு அங்கேதான் ஏறுகிறது, இடமில்லை. கடைசியில் நான் போன வாரம் யாரைப் புண்ணியவான் என்று திட்டினேனோ அவர் போட்ட அதே சூப்பர் க்ளூதான். உடலின் வாயை நூலால் சுற்றி விரிசலை மூடி, ஊசி முனையில் ஒரு சொட்டு வைத்தால் தானாக இழுத்துக்கொண்டது. நிப்பின் பிளவில் மை ஏறும் அதே நுண்புழை விசைதான். ஆனால் அவர் செய்ததும் நான் செய்ததும் ஒன்றல்ல என்று இப்போதும் நினைக்கிறேன். விரிசலை இனி யாரும் திறக்கப் போவதில்லை. கழுத்தைத் திறந்தே ஆகணும். அடுத்த ரப்பர் பையும் ஒரு நாள் காயும். அன்றைக்கு இந்தப் பேனாவைக் கையில் எடுப்பவர் யாரோ தெரியாது, அவருக்கு அது கழன்று வர வேண்டும்.

எனவே இரண்டாவது கழுத்தை வேறு மாதிரி யோசித்தோம். இறுக்கிச் செருகுவது இல்லை. படியை 9.00-க்குக் கடைந்து, குறுகிய பக்கத்திலும் 0.02 இடம் விட்டு, இடைவெளியை அரக்கால் நிரப்புவது. வளையத் தகைவு பூஜ்யம். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், இதமான சூட்டில் இளகும். ரப்பர் பையை ஒட்டவும் அதே அரக்குதான்.

கடையும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் உள்துளை, பிறகுதான் வெளி வடிவம். மாற்றிச் செய்தால் இரண்டுக்கும் மையம் ஒன்றாக வராது. நாக்கும் நிப்பும் சேர்ந்து செருகும் துளைக்கு 0.2 மி.மீ. குறைவான டிரில் போட்டு, கடைசி அளவை டி-பிட்டால் எடுத்தேன். டி-பிட் என்பது நாமே செய்துகொள்ளும் கருவி. சில்வர் ஸ்டீல் கம்பியை வேண்டிய விட்டத்துக்குக் கடைந்து, முனையில் சரிபாதியை அரத்தால் ராவித் தட்டையாக்கி, செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, பிறகு வைக்கோல் நிறம் வரும் வரை லேசாகச் சூடு காட்டினால் முடிந்தது. அது போடும் துளை டிரில் போட்டதைவிட நேராகவும் வட்டமாகவும் இருக்கும்.

துளை வட்டமாக இருப்பது ஏன் முக்கியம் என்றால், பேனாவில் மை கீழே இறங்கும் அளவுக்குக் காற்று மேலே ஏற வேண்டும். அந்தப் போக்குவரத்து முழுக்க நாக்கில் வெட்டியிருக்கும் சன்னமான கால்வாய் வழியாகத்தான் நடக்கணும். 1884-இல் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கியதே அந்தக் கால்வாய்க்குத்தான். நாக்குக்கும் கழுத்துக்கும் நடுவில் வேறு இடைவெளி இருந்தால் காற்று அந்தக் குறுக்கு வழியில் ஏறி, மை சொட்டாக விழும். சட்டைப் பையில் நீல வட்டம் வாங்கிய அனுபவம் வீட்டில் யாருக்காவது இருக்கும், கேட்டுப் பாருங்கள். நிப்பும் நாக்கும் முக்கால் தூரம் சும்மா போய், கடைசி 3 மி.மீ.க்குக் கட்டைவிரல் அழுத்தம் கேட்க வேண்டும். அதுவே சரியான பொருத்தம்.

எபோனைட்டைக் கடைய உளி சவரக்கத்தி மாதிரி இருக்கணும். அதிலிருக்கும் கந்தகம் முனையைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். வாடை வந்துகொண்டே இருக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், மாஸ்க் போடுங்கள். அளப்பதற்கு முன் ஆறவிட வேண்டும். எபோனைட் ஒரு டிகிரிக்கு மில்லியனில் சுமார் 70 பங்கு விரியும். கடையும்போது 30 டிகிரி ஏறியிருந்தால் 9 மி.மீ. படி 0.019 மி.மீ. பெரிதாகக் காட்டும். நம்ம வெர்னியரின் மீச்சிற்றளவே 0.02-தான்! நான் ஒவ்வொரு அளவுக்கும் முன் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

வெளி வடிவத்துக்குப் பழைய கழுத்தின் உடைந்த பாதியை வைத்து அட்டையில் அச்சு வெட்டி, அதை ஒட்டி ஒட்டிக் கடைந்தேன். நுனியில் லேசாக விரியும் அந்த உதடு அழகுக்கு அல்ல, விரல் நிப்பின் மேல் வழுக்காமல் இருக்க. பிறகு 800, 1500, 2000 நம்பர் உப்புத்தாள். தண்ணீர் தொடாமல் தேய்த்தேன். பழைய எபோனைட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் பச்சை கலந்த பழுப்பாகிவிடும். புதுசுக்கு அவ்வளவு பயமில்லை என்றாலும் பழக்கம் நல்லது.

இந்தக் கழுத்தில் திருகு இல்லாதது என் அதிர்ஷ்டம். உங்கள் பேனாவில் திருகு இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மூடி ஒன்றரைச் சுற்றிலேயே கழன்று வந்தால் அது பெரும்பாலும் பல தொடக்கங்கள் உள்ள திருகு. நேராக முனையிலிருந்து பார்த்து எத்தனை புரி ஆரம்பிக்கிறது என்று எண்ணுங்கள். மூன்று என்றால் ஒரு சுற்றில் மூடி நகரும் தூரம், பிட்சைப் போல மூன்று மடங்கு. லேத்தில் அந்த மொத்தத் தூரத்துக்குத்தான் கியர் போட வேண்டும். ஒரு புரி வெட்டியதும் கருவியை ஒரு பிட்ச் நகர்த்தி அடுத்ததை வெட்ட வேண்டும். பிட்சை மட்டும் பார்த்துக் கியர் போட்டால் மூடி ஏறவே ஏறாது.

எல்லாம் முடிந்து அரக்கு காய ஒரு நாள் விட்டேன். முதலில் தண்ணீர் நிரப்பி, டிஷ்யூ பேப்பர் சுற்றி, நிப் கீழே இருக்க ஒரு ராத்திரி நிறுத்தினேன். காலையில் பேப்பர் காய்ந்தே இருந்தது. பொங்கல் லீவில் ரூம்மேட்டோடு நானும் கோபி போனேன். பேனாவைக் கொடுப்பதற்கு முன்னாலேயே விரிசலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வெளியில் பார்த்தால் தெரியாது, மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்தால்தான் ஒரு கோடு. சொல்லாமல் விட்டிருக்கலாம்தான்.

தாத்தா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்தக் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தார். "இது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது கண்ணு. எழுதுமா, எழுதாதா?"

"எழுதும் தாத்தா. பேனாவ ரொம்ப இறுக்கி மூடாதீங்க. பை மறுபடி கெட்டா கழுத்த இழுக்காதீங்க, லேசாச் சூடு காட்டினாப் போதும், வந்துடும்."

"எதுல சூடு காட்டறது?"

ஹேர் டிரையர் என்றேன். வீட்டில் இல்லை என்றார் பாட்டி. அதை ஒரு தாளில் அந்தப் பேனாவாலேயே எழுதி, "அரக்கு, இதமான சூடு, இழுக்கக் கூடாது" என்று மூன்றே விஷயம், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்தார். கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது.

கம்பியில் இன்னும் ஒரு சாண் மிச்சம் இருக்கிறது, டி-பிட்டும் கூம்பு முளையும் ஒர்க்ஷாப் அண்ணாவின் லாக்கரில் இருக்கின்றன. வீட்டில் கழுத்து உடைந்த பேனா இருந்தால் எடுத்து வாருங்கள், சனிக்கிழமை மதியம் லேத் சும்மாதான் இருக்கும். உடைந்த துண்டுகளையும் தூக்கிப் போடாமல் கொண்டு வரணும், அளவு அதில்தான் இருக்கிறது.